ஊக்கமும் அவாவும்

வள்ளுவர் ஊக்கமுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அவா அறுத்தலுக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். முன்னது பொருட்பாலில் அமைந்திருக்கிறது. பின்னது அறத்துப்பாலின் துறவறவியலில் அமைந்திருக்கிறது. பால் வேறு, இயல் வேறு என்று கூறி இரண்டையும் தனித்தனியே வைத்துவிடுதல் எளிது. ஆனால், வாழ்கின்ற மனிதன் பாலும் இயலும் பார்த்து வாழ்வதில்லை. காலையில் கண் விழிக்கும்போதே, இன்னும் உயர வேண்டும் என்ற எண்ணமும், இருப்பது போதும் என்ற எண்ணமும் அவன் நெஞ்சில் ஒருங்கே எழுகின்றன. முயல் என்கிறது ஒரு குரல். விடு என்கிறது மற்றொரு குரல். எந்தக் குரலுக்கு அவன் செவி சாய்ப்பது? ஊக்கம் என்று தொடங்குவது எந்த இடத்தில் அவாவாக உருமாறுகிறது?

இக்கேள்வியைச் சான்றோர் பெரும்பாலும் பெரிய பொருள்களின்மீது வைத்தே ஆராய்வர். ஆட்சி, செல்வம், புகழ், வீடுபேறு ஆகியவை அத்தகைய பொருள்கள். ஆயினும், ஒரு மனிதனின் உள்ளம் அவன் கட்டாயத்தின்பேரில் செய்யும் செயலைக் காட்டிலும், எந்தக் கட்டாயமும் இல்லாமல் செய்யும் செயலில்தான் தெளிவாகப் புலப்படுகிறது. தொழிலில் ஒருவன் நேர்மையாய் இருப்பதற்கு மேலாளரின் கண் ஒரு காரணமாகலாம். மாதச் சம்பளமும் ஒரு காரணமாகலாம். விளையாட்டில் நேர்மையாய் இருப்பதற்கு அவனுக்கு என்ன காரணம் உண்டு? ஆகவே, பெரிய கேள்வியைச் சிறிய பொருளின்மீது வைத்து உரைத்துப் பார்ப்பதில் தவறில்லை. தமிழில் குழிப்பந்தாட்டம் என்று சிலர் பெயரிட்டழைக்கும் கோல்ஃப் ஆட்டமே இங்கு அச்சிறிய பொருள்.

பட்டர்வொர்த்தில் வாழும் ஓர் ஆட்டக்காரரை எண்ணிப் பார்க்கலாம். அவருக்குப் பெயர் வேண்டா. அவர் ஒருவரல்லர், பலர். அவருடைய தாத்தா செபராங் பிறையில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தந்தை இரயில்வேயில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். இவரோ பிறை தொழிற்பேட்டையில் உள்ள ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வைப் பொறுப்பில் இருக்கிறார். வயது ஐம்பதை நெருங்குகிறது. பத்தாண்டுகளுக்கு முன்னர் அலுவலக நண்பர் ஒருவர் அழைத்துச் சென்றதால் கோல்ஃப் மட்டையைக் கையில் பிடித்தார். பிறகு அதை விட முடியவில்லை. குளிர்நாடுகளில் பனி உருகிய பின்னர்தான் ஆட்டப் பருவம் தொடங்கும். மலேசியாவிலோ மழையும் இடியும் ஓய்ந்தால் எல்லா நாளும் ஆட்ட நாளே. எனவே, ஜனவரி முதல் நாளையே தமக்குரிய பருவத்தின் தொடக்கமாகக் கொண்டு, ஒரு குறிப்பேட்டில் இரண்டு பக்கங்களை நிரப்புகிறார்.

முதற்பக்கத்தில் அவ்வாண்டின் இலக்குகள் இருக்கின்றன. சலுகை எண்ணை 22இலிருந்து 18ஆகக் குறைக்க வேண்டும். ஒரு முறையேனும் 90 அடிகளுக்குள் ஆட்டத்தை முடிக்க வேண்டும். வாரத்தில் மூன்று மாலைகள் குழியருகே ஆடும் குறும் அடிகளைப் பழக வேண்டும். வண்டியில் ஏறாமல் பதினெட்டுக் குழிகளையும் நடந்தே கடக்க வேண்டும். இரண்டாம் பக்கத்தில் கனவுப் பயணங்கள் இருக்கின்றன. தைப்பிங், கேமரன் மலை, லங்காவி என்று அருகில் தொடங்கும் அப்பட்டியல், கடல் கடந்து நுவரெலியாவுக்கும் கொடைக்கானலுக்கும் சென்று, இறுதியில் ஸ்காட்லாந்தின் செயிண்ட் ஆண்ட்ரூஸ் என்ற பெயரில் வந்து நிற்கிறது. அப்பெயரின் கீழ் மட்டும் இரண்டு கோடுகள் இடப்பட்டிருக்கின்றன.

ஊக்கமும் அவாவும் இந்த இரண்டு பக்கங்களிலும் கலந்தே கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தெடுப்பதற்கு ஆட்டத்தின் தன்மையைச் சிறிது அறிய வேண்டும்.

ஆட்டம் எளியது. சிறிய பந்து ஒன்றை மட்டையால் அடித்துப் பதினெட்டுக் குழிகளில் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்த்த வேண்டும். குறைந்த அடிகளில் முடிப்பவரே வெல்வர். தேர்ந்த ஆட்டக்காரர்க்குப் பெரும்பாலான திடல்களில் 72 அடிகள் என்று அளவு குறித்திருப்பர். வார இறுதியில் ஆடுவோர்க்கு அது தொண்ணூறும் ஆகும், நூறும் ஆகும். வல்லவரும் வல்லமை குறைந்தவரும் ஒருங்கே ஆடுவதற்காக ஒவ்வொருவர்க்கும் ஒரு சலுகை எண் உண்டு. அதனை ஹேண்டிகேப் என்பர். எண் குறையக் குறைய ஆட்டம் உயர்ந்தது என்பது பொருள். 2020ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த உலகளாவிய முறையில் அவ்வெண்ணின் உச்சவரம்பு 54. ஒருவர் கடைசியாக ஆடிய 20 ஆட்டங்களுள் மிகச் சிறந்த 8 ஆட்டங்களைக் கொண்டே அது கணிக்கப்படுகிறது.

இக்கணக்கினுள் ஓர் அறம் ஒளிந்திருக்கிறது. இருபதில் பன்னிரண்டை அது மன்னித்துவிடுகிறது. ஒருவனுடைய தாழ்ந்த நாள்களைக் கொண்டு அவனை அளக்காமல், அவனால் இயன்ற உயரத்தைக் கொண்டே அவனை அளக்கிறது. மாணவனை அளக்கும் ஆசிரியரும், பிள்ளையை அளக்கும் பெற்றோரும் இக்கணக்கைக் கற்றுக்கொள்ளலாம். ஆனால், இதே எண்ணைக் கொண்டு இரண்டு வகைப் பொய்களையும் சொல்ல முடியும். பரிசுக் கோப்பையில் கண் வைத்தவர், வேண்டுமென்றே மோசமாக ஆடித் தம் எண்ணை உயர்த்தி வைத்துக்கொள்வர். போட்டி நாளில் கிடைக்கும் கூடுதல் சலுகையால் வெல்வர். பெருமையில் கண் வைத்தவரோ, கெட்ட ஆட்டங்களைப் பதியாமல் விட்டுத் தம் எண்ணைத் தாழ்த்திக் காட்டுவர். உணவு மேசையில் அதைச் சொல்லி மகிழ்வர். முன்னது பேராசையின் பொய். பின்னது செருக்கின் பொய். ஓர் எண் மேலே போனாலும் பொய், கீழே வந்தாலும் பொய் என்றால், குற்றம் எண்ணில் இல்லை. அதை எழுதும் கையில் இருக்கிறது.

இப்போது பட்டர்வொர்த்துக்காரரின் முதற்பக்கத்தை மீண்டும் நோக்கலாம். நான்கு இலக்குகளும் ஒரே வகையின போலத் தோன்றும். உண்மையில் அவை இரண்டு வகைப்படும். வாரத்தில் மூன்று மாலைகள் பழகுவதும், வண்டியில் ஏறாமல் நடப்பதும் அவர் கையில் இருப்பவை. மழையும் நோயும் தடுத்தாலன்றி, வேறு எவரும் அவற்றை அவரிடமிருந்து பறிக்க முடியாது. எண் 18ஆவதும், அடிகள் 90க்குள் அடங்குவதும் அவர் கையில் இல்லை. காற்று ஒரு பக்கம் இழுக்கும். புல்லில் பட்ட பந்து எதிர்பாராத திசையில் துள்ளும். நன்றாய் அடித்த பந்து மணற்குழியில் விழும். தவறாய் அடித்த பந்து மரத்தில் பட்டு நல்ல இடத்துக்குத் திரும்பும். கையில் இருப்பதன்மீது வைக்கும் உறுதியே ஊக்கம். கையில் இல்லாததன்மீது வைக்கும் பிடிவாதமே அவா.

இதனால், பயனை எண்ணவே கூடாது என்று சொல்வதற்கில்லை. திசையே இல்லாமல் நடப்பவன் எங்கும் போய்ச் சேரமாட்டான். 18 என்ற எண் திசை காட்டும் கம்பமாக நிற்கலாம். கம்பத்தை நோக்கி நடக்கலாம். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுவதுதான் பயனற்றது. ஆண்டு முடிவில் எண் 19இல் நின்றுவிட்டால், அவ்வாண்டின் மாலைப் பயிற்சிகள் வீணாயின என்று கருதுபவர் அவாவின் வசப்பட்டவர். அந்த மாலைகளிலேயே தம் கைக்கும் கண்ணுக்கும் இடையே ஓர் இணக்கம் பிறந்ததை உணர்பவர் ஊக்கத்தின் பயனைப் பெற்றுவிட்டவர். இருவருக்கும் எண் ஒன்றே, இழப்பு வேறு.

அமெச்சூர் என்னும் சொல்லின் வரலாறும் இதனையே கூறுகிறது. அன்பு செய்பவர் என்ற பொருள் தரும் இலத்தீனச் சொல்லே அதன் வேர். தொழில்முறையினர் அல்லாதவர், திறமை குறைந்தவர் என்ற பொருள்கள் பின்னர் வந்து ஒட்டிக்கொண்டன. ஊதியத்துக்காக அன்றி, விருப்பத்துக்காக ஒன்றைச் செய்பவரே அமெச்சூர். அவ்வாறாயின், அமெச்சூர் ஆட்டக்காரர்க்குத் தோல்வி என்பதன் பொருள்கூட மாறிவிடுகிறது. அன்பு செய்பவர் எவரிடம் தோற்பது?

இப்பொருளில் முழுமையான அமெச்சூராக வாழ்ந்தவர் அமெரிக்கரான பாபி ஜோன்ஸ். 1902இல் பிறந்த அவர் வழக்கறிஞர் தொழிலைச் செய்துகொண்டே ஆடினார். 1930ஆம் ஆண்டில் பிரிட்டன், அமெரிக்கா ஆகிய இரு நாடுகளின் பொதுப் போட்டிகளையும் அமெச்சூர் போட்டிகளையும், ஆக நான்கையும், ஒரே ஆண்டில் வென்றார். அப்போது அவருக்கு வயது 28. அதோடு போட்டி ஆட்டத்திலிருந்து விலகிக்கொண்டார். ஆனால், அவரை நினைக்கும் போதெல்லாம் ஆட்டக்காரர்கள் அந்த வெற்றியைக் காட்டிலும் 1925ஆம் ஆண்டின் ஒரு தோல்வியையே மிகுதியாகப் பேசுகின்றனர்.

அவ்வாண்டு அமெரிக்கப் பொதுப் போட்டியில், உயர்ந்த புல்லில் கிடந்த பந்தை அடிப்பதற்கு அவர் ஆயத்தமானபோது பந்து சிறிது அசைந்தது. அதனை வேறு எவரும் காணவில்லை. அவர் தாமே அதனை அறிவித்துத் தம் கணக்கில் ஒரு தண்ட அடியைச் சேர்க்கச் செய்தார். போட்டியின் முடிவில் அவரும் வில்லி மெக்ஃபார்லேன் என்பவரும் சமநிலையில் நின்றனர். வெற்றியை முடிவுசெய்வதற்காக மறுநாள் நடந்த ஆட்டத்தில் ஜோன்ஸ் ஓர் அடியில் தோற்றார். அந்த ஓர் அடியைச் சொல்லாமல் இருந்திருந்தால், மறுநாள் ஆட்டத்துக்கே தேவை இருந்திராது. நேர்மையைப் பலரும் பாராட்டியபோது, வங்கியைக் கொள்ளையிடாததற்காக ஒருவனைப் பாராட்டுவதுண்டோ என்ற பொருள்பட அவர் மறுத்துரைத்தார் என்பர்.

அந்த மறுமொழியில் அடங்கியுள்ள உண்மை கூர்ந்து நோக்கத்தக்கது. அவர் ஏதோ தியாகம் செய்துவிட்டதாக எண்ணவில்லை. கணக்கு என்றால் அது மெய்க்கணக்காகத்தான் இருக்க வேண்டும். பொய்க்கணக்கு கணக்கே அன்று. பொய் எண்ணைக் கொண்டு வெல்பவர் ஆட்டத்தை வெல்லவில்லை. ஆட்டம் என்ற ஒன்றை ஆடவே இல்லை. கோல்ஃப் ஆட்டத்தில் ஒவ்வோர் அடியையும் அருகில் நின்று காணும் நடுவர் பெரும்பாலும் இருப்பதில்லை. புதர் ஓரத்தில் ஆட்டக்காரனும் பந்தும் மட்டுமே இருக்கின்றனர். அடியை எண்ணுபவனும் அவனே, அடித்தவனும் அவனே. வாய்மைக்கு வள்ளுவர் தனி அதிகாரம் வகுத்ததன் தேவை அங்கே விளங்கும். பிறர் முன்னிலையில் பேணும் வாய்மை பழக்கமாகலாம். தன்னந்தனிமையில் பேணும் வாய்மைதான் குணமாகும்.

முதற்பக்கத்தின் நிலை இது. இரண்டாம் பக்கத்தின் கனவு இன்னும் சிக்கலானது.

செயிண்ட் ஆண்ட்ரூஸ் ஏன் கனவாயிற்று? அங்கே மாளிகை இல்லை. மலர்த் தோட்டம் இல்லை. கடலோர மணல்மேட்டில் இயல்பாய் வளர்ந்த புல்வெளி அது. 1764ஆம் ஆண்டில் அங்கிருந்த 22 குழிகளை 18ஆகக் குறைத்தனர். அதுவே நாளடைவில் உலகுக்கெல்லாம் அளவாயிற்று. பட்டர்வொர்த்துக்காரர் உட்பட உலகில் எவர் எங்கு ஆடினாலும் பதினெட்டுக் குழிகளே ஆடுவதற்கு அதுவே காரணம். இவையெல்லாம் பலர் அறிந்தவை. பலர் எண்ணாத ஒன்று உண்டு. அந்தப் பழந்திடல் எந்தச் செல்வரின் சொத்தும் அன்று, அது பொதுநிலம். ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கமாக அங்கே ஆட்டம் இல்லை. ஊர்மக்கள் குழந்தைகளோடும் நாய்களோடும் அப்புல்வெளியில் உலாவுகின்றனர். வெளிநாட்டிலிருந்து பெரும்பொருள் செலவிட்டு வருபவரும் ஆட இடம் கிடைக்குமா என்று குலுக்கல் சீட்டை நம்பியிருப்பது அங்குள்ள வழக்கம்.

உலகின் பணம் படைத்தோர் பலர் கனவு காணும் இடம், ஒரு சிற்றூரின் பொதுப் புல்வெளியாக இருப்பது எண்ணத்தக்க செய்தி அன்றோ! வேலியும் வாயிற்காவலும் இட்டுப் பிறரை விலக்கி வைப்பதால் ஓர் இடத்துக்குச் சிறப்பு வருவதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

பாபி ஜோன்ஸுக்கும் அந்த இடம் முதலில் இனிக்கவில்லை. 1921இல் அவர் இளைஞராய் அங்கே ஆடியபோது, மூன்றாம் சுற்றில் அடிகள் பெருகவே, சினங்கொண்டு பதினோராம் குழியில் ஆட்டத்தைக் கைவிட்டார். அந்தத் திடலை வெறுத்துத் திரும்பினார். பிறகு அந்த வெறுப்பைக் குறித்து வெட்கினார். 1927இல் மீண்டும் வந்து அதே இடத்தில் பொதுப் போட்டியை வென்றார். கோப்பையைத் தம்மோடு கொண்டுபோகாமல் அவ்வூரிலேயே விட்டுச் செல்ல விரும்பினார். நோயால் நடை தளர்ந்திருந்த 1958ஆம் ஆண்டில் அந்நகரம் அவருக்குத் தன் குடியுரிமைச் சிறப்பை அளித்தது. பெற வேண்டும் என்று சென்றபோது அந்த இடம் அவரைத் தோற்கடித்தது. கற்க வேண்டும் என்று சென்றபோது அது அவரைத் தன் மகனாக ஏற்றது.

தமிழர்க்கு இவ்வேறுபாடு புதியதன்று. தைப்பூசத்தன்று பட்டர்வொர்த்திலிருந்து கடலைக் கடந்து பினாங்கின் தண்ணீர்மலைக்குச் செல்வோரை நோக்கினால் போதும். விரதம் இருந்து, ஒரு வேண்டுதலைச் சுமந்து, படியேறுகின்றவர் ஒருவர். கூட்டத்தைப் பார்த்து, படம் பிடித்து, நானும் போய் வந்தேன் என்று சொல்வதற்காக ஏறுகின்றவர் மற்றொருவர். இருவரும் ஏறும் படிகள் ஒன்றே. முன்னவர் யாத்திரை செய்கிறார், பின்னவர் பட்டியலில் ஒரு கோடு இடுகிறார். கனவுப் பயணமும் அவ்வாறே. ஒன்றின்மீதுள்ள அன்பு முதிர்ந்து, அதன் பிறப்பிடத்தைக் காண விழைவது யாத்திரை. பத்துத் திடல்களில் ஆடியவர் பதினொன்றாவதைத் தேடுவது சேகரிப்பு. சேகரிப்புக்கு முடிவே இல்லை. அவா அறுத்தலைப் பேச வேண்டிய இடம் அதுதான்.

ஆனால், கனவு காண்பவரின் உள்ளத்தை மட்டும் ஆராய்ந்து நிறுத்திவிட்டால், கேள்வியில் பாதியே ஆராயப்பட்டதாகும். அக்கனவை யார் சுமக்கிறார் என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது.

ஆங்கிலேயர் சென்ற இடமெல்லாம் கோல்ஃப் சென்றது. கல்கத்தாவில் 1829இல், கொழும்பில் 1879இல், கோலாலம்பூரில் 1893இல், கொடைக்கானலில் 1895இல் என்று கழகங்கள் தோன்றின. அக்கழகங்களில் துரைமார்கள் ஆடினர். மட்டைப் பையைச் சுமந்து பின்னால் நடந்தவர்கள் அந்தந்த மண்ணில் உழைத்த ஏழைகள். ஆட்டத்தின் நெளிவு சுளிவுகளை அவர்கள் பின்னால் நடந்தே கற்றனர். சிலர் ஆடுவோரையும் விஞ்சினர். இந்தியப் பொதுப் போட்டியை 1965இல் வென்ற பி. ஜி. சேத்தி ஓர் அமெச்சூர். அதன் பின்னர் மற்றோர் இந்தியர் அதை வெல்ல 1991 வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வாறு வென்ற அலி ஷேர் தில்லித் திடலில் பை சுமந்து வளர்ந்தவர். மலேசியாவிலும் எம். ராமையா, பி. குணசேகரன் முதலிய தமிழர்கள் தொழில்முறை ஆட்டக்காரர்களாக நாட்டின் பெயரை அயல்நாட்டுத் திடல்களுக்குக் கொண்டு சென்றனர்.

இவ்வரலாற்றில் மனத்தை மிகவும் வருத்துவது தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நிகழ்ந்தது. செபராங் பிறைக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களின் பொருட்டுத் தமிழர் கொண்டுவரப்பட்டது போலவே, 1860 முதல் டர்பனைச் சூழ்ந்த நேட்டால் பகுதிக்கும் கரும்பின் பொருட்டே தமிழரும் பிற இந்தியரும் கொண்டுசெல்லப்பட்டனர். அவ்விந்தியர் வழியில் வந்தவர் ‘பப்வா’ என்று அழைக்கப்பட்ட செவ்சங்கர் செவ்கோலும். அவர் பள்ளியில் பயின்றவரல்லர். திடலில் பை சுமந்தவர். இடக்கையும் வலக்கையும் இடம் மாறி, எல்லாரும் பிடிப்பதற்கு நேர்மாறாக மட்டையைப் பிடிப்பார். அப்பிடியைக் கொண்டே டச்சுப் பொதுப் போட்டியை 1959, 1960, 1964 ஆகிய ஆண்டுகளில் வென்றார். 1963இல் தம் சொந்த ஊரில் நேட்டால் பொதுப் போட்டியையும் வென்றார். வெள்ளையர் அல்லாதவர் கழகக் கட்டடத்துக்குள் நுழைவதை நிறவெறிச் சட்டம் தடுத்தது. ஆகவே, வெற்றி பெற்றவர் வெளியே மழையில் நின்று பரிசைப் பெற்றுக்கொண்டார். தோற்றவர்கள் உள்ளே அமர்ந்திருந்தனர். 1978இல் அவர் மறைந்தார். பின்னாளில் டர்பனில் ஒரு திடலுக்கே அவர் பெயர் இடப்பட்டது. எனினும் அந்த மழை நனைத்தது நனைத்ததுதான்.

ஆட்டக்காரர் எத்துணை நேர்மையாகத் தம் அடிகளை எண்ணினாலும், வாசலில் ஒருவரை மழையில் நிறுத்திவைத்திருக்கும் கழகத்தின் கணக்குப் புத்தகம் பொய்க்கணக்குப் புத்தகமே. தனிமனித வாய்மை ஒன்று. இடத்தின் நீதி மற்றொன்று. முன்னதைக் காத்துப் பின்னதை மறந்தவர் பாதி அறத்தோடு வீடு திரும்புகிறார்.

பட்டர்வொர்த்துக்காரர்க்கு இது தொலைதூரத்துக் கதையன்று. மலேசியாவில் கடந்த நூற்றாண்டின் இறுதியில் ரப்பர், செம்பனைத் தோட்டங்கள் பல கைமாறி, வீடமைப்புப் பகுதிகளாகவும் கோல்ஃப் திடல்களாகவும் மாறின. தோட்டம் போனபோது அதனோடு லயத்து வீடும் போயிற்று; சில இடங்களில் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் இடம்பெயர்ந்தன. இரண்டு மூன்று தலைமுறைகள் உழைத்த மண்ணிலிருந்து மக்கள் நகர்ப்புறத்து விளிம்புகளுக்குச் சென்றனர். தாத்தா பால்வாளி தூக்கி நடந்தது போன்ற மண்ணில், பேரன் மட்டைப் பையோடு நடக்கிறார். இதனை முன்னேற்றம் என்று மகிழ்வதா, இழப்பு என்று வருந்துவதா? இரண்டும் மெய்யாக இருக்கும்போது ஒன்றை மட்டும் சொல்வது, கெட்ட ஆட்டங்களை விட்டு நல்ல ஆட்டங்களை மட்டும் பதிவதற்கு ஒப்பாகும்.

திடல்களின் பெருக்கத்தை எதிர்த்து முதன்முதலில் உலகளவில் எழுந்த குரல்களுள் ஒன்று பினாங்கிலிருந்தே எழுந்தது என்பதும் நினைவுகூரத்தக்கது. 1993ஆம் ஆண்டில் ஜப்பான், தாய்லாந்து ஆகிய நாடுகளின் அமைப்புகளோடு, பினாங்கை இடமாகக் கொண்ட ஆசிய பசிபிக் மக்கள் சுற்றுச்சூழல் வலையமைப்பு இணைந்து, ஏப்ரல் 29ஆம் நாளைக் கோல்ஃப் இல்லாத உலக நாளாக அறிவித்தது. பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தின் தலைவராக நெடுங்காலம் விளங்கி 2019இல் மறைந்த எஸ். எம். முகமது இத்ரிஸ் இத்தகைய சுற்றுச்சூழல் இயக்கங்களுக்குத் தோள் கொடுத்த பெருமகன். காடு அழிகிறது, புல்லுக்காக நீர் இறைக்கப்படுகிறது, பூச்சிமருந்தும் உரமும் ஆற்றில் கலக்கின்றன, உழவர் நிலம் இழக்கின்றனர் என்பவை அவ்வியக்கத்தினர் எடுத்துரைத்த குற்றச்சாட்டுகள். இவற்றை ஆட்டத்தின் பகைவர் கூற்று என்று ஒதுக்குதல் அறிவுடைமை ஆகாது. தாம் விரும்பும் ஒன்றின் குறையைப் பிறர் சொல்லக் கேட்கத் துணிவில்லாதவர், அதை விரும்புகிறார் என்பதைக் காட்டிலும் அதற்கு அடிமைப்பட்டிருக்கிறார் என்பதே பொருந்தும்.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். தோட்டங்களை விற்றவர் வேறு. சட்டம் இயற்றியவர் வேறு. ஞாயிறுதோறும் சில மணி நேரம் பந்தடிக்கும் ஒரு மனிதர்மீது இத்தனை சுமையையும் ஏற்றுவது முறையாகுமா? விளையாட்டை விளையாட்டாக விட்டுவிடக் கூடாதா? இத்தடையில் நியாயம் இருக்கிறது. பயன் கருதாத மகிழ்ச்சி மனிதனுக்கு வேண்டும். ஆலையின் இரைச்சலில் ஆறு நாள்கள் கழித்தவர், ஏழாம் நாளில் பசும்புல்லில் நடந்து பறவை ஒலி கேட்பது குற்றமாகாது. அவர் உடல் நலம் பெறும். மனம் அமைதி பெறும். எல்லா இன்பத்தையும் ஐயக்கண்ணோடு பார்க்கும் அறம், மனிதர் வாழும் அறமாக இருக்க முடியாது.

ஆயினும், செய்யாத குற்றத்துக்குப் பொறுப்பேற்பது வேறு. பெற்ற நன்மைக்குக் கடன்பட்டிருப்பதை உணர்வது வேறு. முன்னதை அவரிடம் எவரும் கேட்கவில்லை. பின்னதை அவரே தம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். எந்தத் திடலில் ஆடுவது என்பதைத் தேர்ந்தெடுப்பது அவர் கையில் இருக்கிறது. கழகத்தின் ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து, நீரும் மருந்தும் எவ்வளவு, புல் வெட்டுவோர்க்கு ஊதியம் எவ்வளவு என்று கேட்பது அவர் கையில் இருக்கிறது. வெயிலில் மணற்குழியைச் செப்பனிடும் தொழிலாளியைப் பெயர் சொல்லி அழைத்து நலம் விசாரிப்பதும் அவர் கையில் இருக்கிறது. அந்தத் தொழிலாளி இன்று வங்கதேசத்திலிருந்தோ நேப்பாளத்திலிருந்தோ வந்தவராக இருக்கலாம். நூறாண்டுகளுக்கு முன்னர் அவ்விடத்தில் நின்றவர் தம் தாத்தா என்பதை அறிந்தவர்க்கு, அந்த முகம் அயல்முகமாகத் தோன்றாது.

வீட்டிலும் ஒரு கணக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமைக் காலை அவருக்கு மட்டும் உரியதன்று. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அதில் பங்கு இருக்கிறது. ஸ்காட்லாந்துப் பயணத்துக்குச் சேர்க்கும் வெள்ளியில் மகளின் மேற்படிப்பும், முதிய தாயின் மருத்துவமும் கலந்திருக்கலாம். அவர்கள் மகிழ்ந்து விட்டுக்கொடுத்தால் அந்தப் பயணம் அவர்கள் அளித்த பரிசு; அவர்களைக் கேளாமல் எடுத்துக்கொண்டால் அதற்குப் பெயர் வேறு. தம் அடிகளை மெய்யாக எண்ணுபவர், வீட்டார் இழந்த காலைகளையும் மெய்யாக எண்ண வேண்டும் அன்றோ?

ஆகவே, அவருடைய குறிப்பேட்டில் குறை ஏதும் இருப்பின், அது இரண்டு பக்கங்களில் எழுதப்பட்டவற்றில் இல்லை. மூன்றாம் பக்கம் ஒன்று வெறுமையாக விடப்பட்டிருக்கிறது என்பதே குறை. முதற்பக்கம் அவர் அடைய வேண்டியவை. இரண்டாம் பக்கம் அவர் காண வேண்டியவை. மூன்றாம் பக்கம் அவர் பிறர்க்குப் பட்டிருக்கும் கடன்கள். அந்தப் பக்கம் எழுதப்பட்டுவிட்டால், முதல் இரண்டு பக்கங்களில் சில வரிகளைத் தாமே அடித்துவிடுவார். சில வரிகளை முன்னிலும் உறுதியோடு வைத்துக்கொள்வார். எஞ்சி நிற்பவை ஊக்கம். அடிபட்டுப் போனவை அவா. வள்ளுவரின் இரண்டு அதிகாரங்களுக்கும் இடையே பகை இல்லை என்பது அப்போது விளங்கும். முயல்வதற்கு ஒன்று, முயற்சியின் எல்லையை அறிவதற்கு மற்றொன்று; இரண்டும் ஒரே மனிதனுக்காகவே எழுதப்பட்டவை.

செயிண்ட் ஆண்ட்ரூஸுக்கு அவர் போவாரா என்பது எவரும் அறியாதது. போகாமலே போய்விடவும் கூடும். ஆனால், ஒரு மாலைப் பொழுதில், உடன் ஆடியவர்கள் முன்னே சென்றுவிட, செபராங் பிறையின் ஏதோ ஒரு திடலில், உயர்ந்த புல்லின் நடுவே அவர் தனித்து நிற்பார். அவர் காலோ மட்டையோ பட்டுப் பந்து ஒரு விரற்கடை நகரும். சுற்றிலும் எவரும் இருக்கமாட்டார். அப்போது அவர் சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து, தம் கணக்கில் ஓர் அடியைக் கூட்டி எழுதுவாரானால், தொண்ணூறு என்ற எல்லை அன்றைக்கும் அவரை விட்டு நழுவிவிடலாம். ஆயினும், அவ்வாண்டின் இலக்குகளில் உயர்ந்தது எதுவோ, அதை அவர் அந்த இடத்திலேயே அடைந்துவிட்டார் என்பதில் ஐயமில்லை.